பழுதான தாய்ப்பால் பம்ப், மறுக்கப்பட்ட உத்தரவாதம், கேட்கக் கூடாத வீடியோ: குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மேடவாக்கம், சென்னை.
(பெயர், ஆர்டர் எண், கைப்பேசி எண் ஆகியவை இணைப்பில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தாய் சேய் நலப் பொருள்கள் நிறுவனம்.

நாள்: 18.06.2025

பொருள்: உத்தரவாதக் காலத்தில் பழுதான மின்சார பிரெஸ்ட் பம்பை மாற்றித் தராதது, அதற்காக முறையற்ற வீடியோ கேட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஏப்ரல் 9-ஆம் தேதி தங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் 6,490 ரூபாய் செலுத்தி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பால் எடுக்கக்கூடிய மின்சார பிரெஸ்ட் பம்ப் ஒன்றை வாங்கினேன். நான் வேலைக்குத் திரும்பிய பத்தாவது நாளில், மே 14-ஆம் தேதி, அது பழுதானது. அன்று மாலையே தங்கள் செயலியில் புகார் பதிந்தேன். இன்றோடு 35 நாள் ஆகிறது. பம்ப் சரியாகவில்லை, புதியது வரவில்லை, பணமும் திரும்பவில்லை. ஆனால் என் புகார் 'முடிக்கப்பட்டது' என்று மே 30-ஆம் தேதி ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அது எப்படி முடிந்தது என்பதை அறியவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு மிக்சியோ மின்விசிறியோ பழுதானால் காத்திருப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இந்தப் பொருளுக்கு ஏன் அப்படிக் காத்திருக்க முடியாது என்பது தங்கள் சேவைப் பிரிவில் என்னிடம் பேசிய ஒருவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி எனக்குக் கிடைத்த 26 வார மகப்பேறு விடுப்பில் நான்கு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. ஆகவே மே 5-ஆம் தேதி திங்கட்கிழமை நான் சோழிங்கநல்லூரில் உள்ள என் அலுவலகத்துக்குத் திரும்பியபோது என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் குழந்தை மருத்துவரும் அதையே சொல்லியிருந்தார். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் நான், பத்தரை, ஒன்றரை, நாலரை என மூன்று வேளை பால் எடுத்து, அலுவலக ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பேக் போட்ட பையில் வீட்டுக்குக் கொண்டு வருவேன். மறுநாள் என் மாமியார் அதை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இதமாக்கி, பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார். அலுவலகத்தில் இதற்கென்று தந்திருக்கும் அறையில் பழைய பிரிண்டர்களும் கால் உடைந்த இரண்டு நாற்காலிகளும் கிடக்கின்றன. ஆனாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, பிளக் பாயிண்ட் இருக்கிறது, அது போதும்.

முதல் ஒன்பது நாளும் பம்ப் நன்றாகவே உழைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிடத்தில் இரு பக்கமும் சேர்த்து 110 மில்லி கிடைக்கும். மே 14 அன்று ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தபோது மோட்டாரின் சத்தம் மாறியிருந்தது. இழுத்து விடும் அந்தச் சீரான தாளம் போய், இடைவிடாத ஓர் உறுமல் மட்டும் கேட்டது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாட்டிலிலும் சேர்த்து 40 மில்லிகூட இல்லை. அன்றிரவு எல்லாப் பாகங்களையும் கழற்றிக் கழுவிக் காயவைத்து, பாலை இறங்கவிட்டுக் காற்றைத் தடுக்கும் அந்த வாத்தலகு போன்ற சிலிக்கான் வால்வைக் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளவு ஒழுங்காக மூடியிருந்தது. ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று தி.நகரில் 450 ரூபாய்க்கு இரண்டு புதிய வால்வுகள் வாங்கிப் பொருத்தினேன். குழாய்களை இடம் வலமாக மாற்றியும் பார்த்தேன். எப்படி மாற்றினாலும் இரண்டு பக்கமும் ஒரே பலவீனம். குழாயை மாற்றினாலும் வால்வை மாற்றினாலும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும் பழுது வால்விலோ குழாயிலோ இருக்க வழியில்லை, மோட்டாரில்தான் இருக்க வேண்டும் என்பதை உணரப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

தாய்ப்பால் கேட்கக் கேட்கத்தான் சுரக்கும். எடுக்காமல் தேங்கினால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன் வலி வரும். மே 16-ஆம் தேதி இரவு என் இடது மார்பில் பால் கல்லாகக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டது. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை என்பதாலும், குழந்தையே நேரடியாகக் குடித்ததாலும்தான் அது கரைந்தது. விவரம் புரியாத எதிர்வீட்டுப் பாட்டி மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார். அது பாலை வற்ற வைக்கும் வைத்தியம், எனக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. மாமியார் தம் பங்குக்குக் காசிமேட்டிலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்து போட்டார். சுரந்தால் மட்டும் என்ன பயன், வெளியே எடுக்க வழியில்லையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

விடுப்பில் இருந்தபோது சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லியாக 14 பைகளை ஃபிரீசரில் வைத்திருந்தேன். நாளொன்றுக்கு 210 மில்லி பற்றாக்குறை விழுந்ததில் ஏழே வேலை நாளில் அத்தனையும் தீர்ந்தது. மே 23, வெள்ளிக்கிழமை கடைசிப் பை. மே 26 முதல் மருத்துவரின் ஆலோசனைப்படி ஒரு வேளைக்குப் பவுடர் பால் கொடுக்கத் தொடங்கினோம். ஆறு மாதம் நிறைய அன்று சரியாக ஏழு நாள் பாக்கி.

இந்த நாள்களில் தங்கள் தரப்பில் நடந்தது இது. மே 16 அன்று பேசியவர், மார்பில் பொருத்தும் புனலின் அளவு தவறாக இருக்கலாம் என்றார். அது நியாயமான சந்தேகம். அளந்து பார்த்து, 24 மி.மீ. அளவே எனக்குப் பொருந்துகிறது என்று தெரிவித்தேன். மே 19 அன்று பேசியவர், வால்வு தேய்மானப் பொருள் என்பதால் உத்தரவாதத்தில் வராது, வேண்டுமானால் பணம் கட்டினால் வெளிமாநிலக் கிடங்கிலிருந்து 10 முதல் 15 வேலை நாளில் வரும் என்றார். நான் கேட்டது வால்வே அல்ல என்று விளக்கியபோது, "அதுவரைக்கும் பவுடர் பால் குடுங்க மேடம்" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

மே 22 அன்று வந்த மின்னஞ்சலைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பழுதை உறுதி செய்ய, 'பொருள் பயன்பாட்டில் இருக்கும்போது' குறைந்தது இரண்டு நிமிடம் எடுத்த வீடியோவை அனுப்புமாறு அதில் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே வாசகத்தை அனுப்பும் வழக்கத்தில் தவறி வந்திருக்கும் என்று எண்ணி, புனலை உள்ளங்கையில் அழுத்தி, மோட்டாரை உச்ச வேகத்தில் ஓட விட்டு, கை விலகும்போது புனல் ஒட்டாமல் வழுக்கி விழுவதை அன்றிரவே படமெடுத்து அனுப்பினேன். நல்ல பம்ப் என்றால் உள்ளங்கைத் தோலைக் கவ்விப் பிடிக்கும் என்பது இதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரியும். மே 24 அன்று வந்த பதில்: 'உண்மையான பயன்பாட்டைக் காட்டவில்லை என்பதால் ஏற்க இயலாது'. இம்முறை இதைத் தானியங்கிப் பதில் என்று ஒதுக்க வழியில்லை, ஏனெனில் என் வீடியோவை ஒருவர் பார்த்துவிட்டே இதை எழுதியிருக்கிறார். ஒரு பெண், தன் மார்பில் பம்பைப் பொருத்திக்கொண்டு, முன்பின் அறியாதவர்கள் பார்ப்பதற்காகக் கேமராவை இயக்க வேண்டுமா? 2015-ஆம் ஆண்டிலேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கென்று தனியறை ஒதுக்கிய மாநிலம் இது. கூட்ட நெரிசலுக்கு நடுவே அரசு கொடுத்த மறைவைக்கூட, தாய்மாருக்கென்றே பொருள் விற்கும் நிறுவனம் கொடுக்க மறுப்பதை எந்த வார்த்தையால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அந்த வீடியோவை அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன் என்று எழுதியதும், மே 28 அன்று காரணம் மாறியது. தனிநபர் சுகாதாரப் பொருள் என்பதால் திரும்பப் பெற இயலாது என்றீர்கள். ஒருவர் பயன்படுத்திய பம்பை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என் பம்பைக் கழுவி மறுவிற்பனை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. உத்தரவாத அட்டையில் மோட்டாருக்கு ஓராண்டு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதே பெட்டியின் முகப்பில், இடையில் உள்ள தடுப்புச் சவ்வினால் பால் ஒருபோதும் மோட்டார்ப் பகுதிக்குச் செல்லாது என்று பெருமையாகப் படமும் போட்டிருக்கிறீர்கள். பால் படாத மோட்டாரில் சுகாதாரக் கேடு எங்கிருந்து வந்தது? அந்தப் படம் சரியென்றால் தங்கள் மறுப்பு தவறு. மறுப்பு சரியென்றால் அந்தப் படம் பொய்.

கடிதம் நீண்டாலும் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பம்போடு, பால் சேகரிக்கும் பாட்டில்கள் போக, ரப்பர் வைத்த பால்புட்டி ஒன்றும், ஒரு பால் பவுடருக்கான தள்ளுபடிக் கூப்பனும் இலவசமாகப் பெட்டியில் வந்தன. குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்கள், பால்புட்டிகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் இவற்றை விளம்பரப்படுத்துவதையும், இலவசமாகக் கொடுத்துத் தாய்மாரைத் தூண்டுவதையும் தடை செய்கின்றன. ஏப்ரலில் அந்தக் கூப்பனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டேன். மே 19-ஆம் தேதி அறிவுரைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது ஒரு கைப்பம்பை வைத்துச் சமாளிக்கிறேன். ஒரு பக்கம் முடிந்துதான் மறுபக்கம் என்பதால் கிடைக்கும் இடைவேளையில் 70 மில்லிக்கு மேல் எடுக்க முடிவதில்லை. ஆகவே எனக்கு இனி மாற்றுப் பம்ப் வேண்டாம். தங்கள் தயாரிப்பை நம்பி மீண்டும் ஒரு வாரத்தைப் பணயம் வைக்கும் துணிவு எனக்கில்லை. பம்பின் விலை 6,490 ரூபாய், வால்வுகளுக்கு 450, கைப்பம்புக்கு 890, பவுடர் பால் டப்பாவுக்கு 425, ஆக மொத்தம் 8,255 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பில் நகல்கள் இணைப்பில் உள்ளன. அதோடு, பயன்பாட்டு வீடியோ கேட்கும் வழக்கத்தை இந்தப் பொருளுக்கு அடியோடு நிறுத்திவிட்டதாக எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். என்னைப் போல் மறுத்துச் சொல்ல முடியாமல், வேறு வழி தெரியாமல், அந்த வீடியோவை அனுப்பிவைத்த பெண் ஒருத்தி இருந்தால், அதை அழித்துவிட்டு அவளுக்கும் தகவல் சொல்லுங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிப்பதும், ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதும் குறைதீர்ப்பு அலுவலரின் கடமை. முதலாவதைத் தங்கள் கணினி செய்துவிட்டது. இரண்டாவதற்கான கெடு ஜூன் 14 அன்றே கடந்துவிட்டது. இக்கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதோடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான் வசிக்கும் ஊரிலேயே அதைத் தொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

பம்பைக் கழுவி, உலர்த்தி, அது வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல ஆள் அனுப்புவதானால் வார நாள்களில் மாலை ஏழரைக்கு மேல் அனுப்புங்கள். பகலில் மாமியார் குழந்தையோடு தனியாக இருக்கிறார். அப்படியே பகலில் வர நேர்ந்தாலும், குழந்தை தூங்கும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மட்டும் அழைப்பு மணியை அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மேடவாக்கம், சென்னை.

இணைப்பு: பில் நகல்கள், உத்தரவாத அட்டையின் நகல், மே 14 முதல் மே 30 வரையிலான மின்னஞ்சல்கள்.