கொரியா ஆவதற்கு முன் ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும்

மாவட்டத்தின் தொழில் வளர்ச்சியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் வேலூரில் நீங்கள் நடத்திய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பேர்ணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. தென்கொரியாவும் தைவானும் எப்படி முன்னேறின என்று படம் போட்டுக் காட்டினீர்கள். சாலை, துறைமுகம், வரிச்சலுகை எல்லாம் இருந்தது. தைத்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓர் இடத்துக்கு வேலி போட்டு, ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தால் போதும் என்றால் நாம்தானே முந்தியிருக்க வேண்டும்? குஜராத்தின் காண்ட்லா ஏற்றுமதி மண்டலம் 1965லேயே வந்துவிட்டது. தைவானின் காவ்சியுங் மண்டலம் 1966இல்தான். ஆனால் அங்கே 1953லேயே குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்புறம் அந்த மண்டலத்தில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். குறைந்த கூலிக்கு அவர்களைப் பிழிந்ததும் உண்மை. அதை நாம் காப்பியடிக்க வேண்டாம்.

இங்கே மெஷினில் உட்காருகிறவர்களில் பலர் கைக்குழந்தை உள்ளவர்கள். எங்களிடம் அருமையாகத் தைக்கும் ஒரு பெண், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒன்றரை வயதுக் குழந்தையை அட்டைப்பெட்டியில் உட்காரவைத்து மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தார். போன மாதம் குழந்தை சொல்யூஷன் (ஒட்டும் பசை) டப்பாவுக்குள் கையை விட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. வளைவுத் தையல் கைவர மாதக்கணக்காகும். அத்தனை பழக்கமும் இப்போது வீட்டில் சும்மா கிடக்கிறது. இதற்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லையா?

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். 1976இல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். எங்கள் யூனிட்டுகள் அந்தக் கணக்குக்குள் வராது. தனியாக வைக்க வசதியும் கிடையாது. அதனால்தான் நாலைந்து யூனிட்டுக்குச் சேர்த்து ஒரு காப்பகம் கேட்கிறோம். கூட்டத்திலும் கேட்டேன். ‘அது வேறு துறை’ என்றீர்கள். லைசென்ஸ் பார்க்க, தீயணைப்புச் சான்று பார்க்க மட்டும் எல்லாத் துறையும் எங்கள் வாசலுக்கு வழி கண்டுபிடித்துவிடுகிறது!

சரி, அதை விடுங்கள். தயவுசெய்து அந்த ஒரு காப்பகத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய சமுதாயக் கூடமே போதும். ஆயா சம்பளத்தை நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம். கூடத்தின் சாவி எந்தத் துறையிடம் இருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேர்ணாம்பட்டு யூனிட்காரர் ஒருவர்