6,500 வெள்ளியும் நம் வீட்டுப் பத்திரமும்

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் என் மாதச் சம்பளம் 6,500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) வெள்ளிக்கு 65 ரூபாய் என்று பெருக்கி, "மாசம் நாலே கால் லட்சம் வருது, கடன் பாட்டுக்குக் கடன் இருக்கட்டும், பைபாஸ் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுடலாம்" என்றீர்கள். பெருக்கல் சரிதான். கழித்தலை நான் எழுதுகிறேன், நம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து என் படிப்புக்கு வாங்கிய கடனையும் சேர்த்து.

இங்கே எந்தக் கோர்ட்டில் வாதாடுகிறேன் என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டதற்கும் இதிலேயே பதில்: நான் இங்கே கோர்ட்டில் ஏறி வாதாடுவதில்லை. நம் ஊர்ச் சட்டப் பட்டத்தை வைத்து இங்கே வழக்கறிஞராகச் சேர முடியாது. வெளிநாட்டு வழக்கறிஞராக இருந்து அனைத்துலக நடுவர் தீர்ப்பு வழக்குகளை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் முன் தீர்க்கும் தகராறுகளை, பார்க்கலாம். இந்தியக் கம்பெனிகள் ஒப்பந்தத் தகராறுகளை இங்கே கொண்டுவருவதால் நம் சட்டம் தெரிந்த ஆளுக்கு வேலை உண்டு. கறுப்பு கோட்டுக்குத்தான் வேலையில்லை.

இங்கே சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. என்னைப் போல் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர்களுக்கு, நம் ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேமநிதியும் பிடிக்க மாட்டார்கள். முழுப் பணமும் கைக்கு வந்துவிடுவதால் புதிதாக வருபவர்கள் அதையும் செலவழித்துவிட்டு மறு வருஷம் வரி பில் வரும்போது முழிக்கிறார்கள். வருஷத்துக்கு 78,000 வெள்ளி. அதில் 1,000 கழிவு போக, முதல் 40,000-க்கு 550, மீதி 37,000-க்கு 7 சதவீதம். ஆக 3,140 வெள்ளி. ஏப்ரல் 18-க்குள் ஆன்லைனில் கணக்குக் காட்டிவிட்டு, ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) 12 தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். மாதம் 262 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டால் தொல்லையில்லை. வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினால், வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம்.

வாடகை 1,000. வீடு இல்லை, வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடியில் ஓர் அறை. அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. நம் ஊரில் பத்து மாதம் கேட்கிறார்களே, அந்தக் கொடுமை இல்லை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 48 வெள்ளி. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் வம்பு பிடித்த வாசகம் "லைட் குக்கிங்", அதாவது லேசான சமையல் மட்டும். சோறு வடிக்கலாம், ரசம் வைக்கலாம். கடுகு வெடித்தால் வீட்டுக்காரம்மா முகம் மாறும். தாளிக்கலாமா, ஏசி எத்தனை மணி நேரம், கரண்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். என் பங்கு 80 வெள்ளி சுமார்.

சாப்பாட்டுக்கு 700. அம்மா நினைப்பதுபோல் பட்டினி ஒன்றும் இல்லை. ஆபீஸ் பக்கத்து உணவங்காடியில் மதியச் சாப்பாடு ஆறேழு வெள்ளி, ராத்திரி சமையல், ஞாயிறு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி. காப்பியைக் குறைத்து மிச்சம் பிடி என்று சித்தி சொல்கிறார். அதில் என்ன பெரிய மிச்சம்? வாடகையும் வரியும் கடனும்தான் மாதத்தைத் தீர்மானிக்கின்றன. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 130, போன், துணிமணி எல்லாம் 300, நம் வீட்டுக்கு அனுப்புவது 700.

இனி கடன். 30 லட்சம், 10.5 சதவீதம், 120 மாதம்: தவணை 40,481 ரூபாய். முதல் மாதம் அதில் 26,250 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 14,231தான். படிக்கும்போது மாத வட்டியை நீங்கள் கட்டியிருக்காவிட்டால் அதுவும் அசலில் ஏறியிருக்கும். தவணையோடு மாதம் 25,000 கூடுதலாகக் கட்டினால் 120 மாதம் 59 ஆகும். வட்டியில் பத்து லட்சம் மிச்சம். இரண்டும் சேர்த்து இங்கே சுமார் 1,007 வெள்ளி. அறை வாடகை அளவுதான்.

கல்விக் கடனுக்கு வரிச்சலுகை இருக்கிறது, அவசரப்படாதே என்றீர்கள். அந்த வருமான வரிக் கழிவு வட்டிக்கு மட்டும், அதுவும் எட்டு ஆண்டுக்கு, பழைய வரி முறையில்தான். நீங்கள் புதிய முறைக்கு மாறிவிட்டீர்கள். கட்டுவது நான், எனக்கோ இந்தியாவில் வருமானமே இல்லை. யாருக்கும் பயனில்லாத சலுகைக்காக எதற்கு வட்டி கொடுக்க வேண்டும்?

மீதி 2,300 வெள்ளி சொச்சத்துக்குத்தானே மனை? இங்கே வேலை போனால் பாஸ் ரத்தாகும். அதன்பின் சுமார் 30 நாள்தான் தங்க விடுவார்கள். ஆறு மாதச் செலவும் தவணையும் கையில் இருக்க வேண்டும். 20,000 வெள்ளி சேரட்டும், அப்புறம் மனையைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: வங்கியில் எழுத்துமூலம் ஒரு கடிதம் கொடுங்கள். கூடுதல் தொகை அசலில் கழிய வேண்டும், தவணை அப்படியே இருக்க வேண்டும், காலம் குறைய வேண்டும் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்வார்கள். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கேட்கக் கூடாது. முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

கடன் தீர்ந்தால் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்த ரசீதையும் பதிவுசெய்ய வேண்டும், வில்லங்கச் சான்றில் அது ஏறினால்தான் வீடு சுத்தம். அடகு வைத்தபோது வங்கி கொடுத்த பத்திரப் பட்டியல் பீரோவில் இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
பாப்பா