டைல் ஒட்டிய பையன்மீது பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் புது வீட்டுச் சாவி வாங்குவோருக்கு யோசனைகள் சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: "அனுபவம் குறைந்த வெளிநாட்டு ஊழியர்கள் கட்டுவதால் சின்னச் சின்னக் குறைகள் வரத்தான் செய்யும், அவற்றைப் பெரிதுபடுத்தாமல் மேம்பாட்டாளருடன் இணக்கமாகப் போவது நல்லது." நான்கு நாளாகிறது, அந்த வரி என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1996ல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வொர்க் பர்மிட்டில் இங்கே சிங்கப்பூருக்கு வந்தவன். நாளுக்கு 18 வெள்ளி சம்பளம். முதல் இரண்டு வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்தேன். அப்புறம் ஒரு மலேசிய மேஸ்திரியிடம் டைல் ஒட்டக் கற்றுக்கொண்டேன். கடைசிப் பதினொரு வருடம் மேற்பார்வையாளர். இந்த ஊரில் எத்தனை வீட்டுத் தரையில் என் கை பட்டிருக்கிறது என்று எனக்கே கணக்குத் தெரியாது. அதனால் "அனுபவம் குறைந்த ஊழியர்" என்று நீங்கள் அச்சடித்தது யாரை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகளும் மருமகனும் பொங்கோலில் ஒரு எக்சிகியூட்டிவ் கொண்டோ (தனியார் நிறுவனம் கட்டி, அரசாங்க நிபந்தனைகளோடு விற்கும் அடுக்குமாடி) வீடு வாங்கினார்கள். விலை 12 லட்சம் வெள்ளிக்கும் மேல். இருவரின் சிபிஎஃப் சேமநிதிப் பணமும் அதில் போயிருக்கிறது, மாதத் தவணை இன்னும் இருபத்தைந்து வருடம் ஓடும். போன மார்ச் மாதம் சாவி கிடைத்தது. அன்றைக்கே நான் ஒரு 50 காசு நாணயத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் குந்தி, ஒவ்வொரு டைலாகத் தட்டினேன். அடியில் சிமெண்ட் கலவை முழுதாகப் பிடித்திருந்தால் சத்தம் கனமாக வரும். பிடிக்கவில்லை என்றால் கொட்டாங்கச்சியைத் தட்டியதுபோல் வரும். கூடத்தில் 63 டைல், அதில் 17 கொட்டாங்கச்சி. ஒவ்வொன்றிலும் நீலநிற டேப் ஒட்டினேன். நான்கு வயதுப் பேத்தி டேப்புக்கு டேப் தாவிப் பாண்டி விளையாடினாள். என் மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

பால்கனியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வடிகால் வாய்க்குப் போகவில்லை, கூடத்தின் கண்ணாடிக் கதவை நோக்கி வந்தது. வாட்டம் தப்பு. இதைத்தான் உங்கள் கட்டுரை சின்னக் குறை என்கிறது. ஒரு நல்ல மழைக்குக் கதவடியில் தண்ணீர் புகும், உள்ளே மரத் தகடு பதித்தால் ஊறி எழும்பும். உள்ளே பொள்ளலாக இருக்கும் டைலும் அப்படித்தான். வெயிலும் குளிரும் மாறிமாறி வர, ஒரு மழைக்காலத்து இரவில் படாரென்று வெடித்து நிமிரும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளிலேயே இதை அனுபவித்தவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரிடம் புகார் கொடுத்தோம். வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பழுதுபார்க்க வருவதாகச் சொன்ன ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை யாராவது வீட்டில் இருக்க வேண்டும். மகள் தாதி. ஏழு நாள் விடுப்பு எடுத்தாள், அதில் மூன்று நாள் யாருமே வரவில்லை. அவர்களுடைய அலுவலகத்தில் ஒரு பெண்மணி, "எல்லாப் புது வீட்டிலும் இப்படித்தான், நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, "ஊழியர்கள் புதியவர்கள், என்ன செய்வது" என்றார். கிட்டத்தட்ட உங்கள் கட்டுரையின் வரியேதான். அவர் சொன்னபோது வந்ததைவிட நீங்கள் அச்சடித்ததைப் பார்த்தபோது எனக்கு வலி அதிகம். அவர் விற்கிற பக்கத்து ஆள், அப்படித்தான் பேசுவார். நீங்கள் நம்முடைய பத்திரிகை.

எட்டாவது முறை வந்தவன் அறந்தாங்கிப் பையன். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. டைல் இடுக்கில் துளை போட்டு, ஊசி மாதிரி ஒரு குழாயால் உள்ளே பசை செலுத்த ஆரம்பித்தான். "தம்பி, இதைப் பெயர்த்துத்தானே மறுபடி ஒட்டணும்?" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "தெரியும் ஐயா. ஊசி மட்டும் போடச் சொல்லியிருக்காங்க. இன்னைக்குப் பத்து வீடு முடிக்கணும்" என்றான். மகள் அவனுக்கு டீ கொடுத்தாள். அதைக் குடிப்பதற்குக்கூட அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அவனுக்கு வேலை தெரியாது என்று யார் சொல்வது? வேலை அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நேரம்தான் இல்லை. நான் ஒட்டிய காலத்திலும் இதே கதை. கீழே போடும் சிமெண்ட் பூச்சு காய நாள் வேண்டும். தூசியைக் கூட்டித் துடைக்க வேண்டும். டைலின் முதுகு முழுக்கக் கலவை தடவி, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அமுக்கினால் வேலை சீக்கிரம் முடியும், நடுவில் காற்று நிற்கும். இதை ஒட்டுகிறவன் அறிவான், மேற்பார்வையாளர் அறிவார், அவருக்கு மேலே இருப்பவர்களும் அறிவார்கள். பூச்சு காயவில்லை என்று நான் ஒருமுறை வேலையை நிறுத்தினேன். ஒப்படைக்கும் தேதியைச் சொல்லி, அன்று மாலையே வேறொரு குழுவை வைத்து ஒட்டினார்கள். எனக்கு அந்த மாதம் ஓவர்டைம் கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் குடிவந்தவர்கள் டைல் ஒட்டியவனைத்தான் திட்டியிருப்பார்கள்.

2020ல் தொற்று வந்து வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளை அடைத்தபோது, உள்ளே இருந்த பிள்ளைகளைப் பற்றி உங்கள் நாளிதழ் பக்கம் பக்கமாக எழுதியது. இந்த நகரத்தைக் கட்டிய கைகள் என்று எழுதினீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டி இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் கைகளுக்குத்தான் இப்போது அனுபவம் இல்லை என்று சொல்கிறீர்கள். மன்னிக்கவும், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒப்பந்தத்தை மருமகனோடு உட்கார்ந்து படித்தேன். மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு எழுதும் காகிதம் இல்லை அது, அரசாங்கம் வகுத்துக் கொடுத்த படிவம். குறை என்றால் என்ன என்று அதிலேயே இருக்கிறது: மோசமான வேலை, மோசமான பொருள், அல்லது சொன்ன விவரப்படி கட்டாமல் விட்டது. யார் கையால் வந்த குறை, அவருக்கு எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் அதில் ஒரு கேள்வியும் கிடையாது. வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 12 மாதங்களுக்குள் தெரியவரும் குறையை விற்றவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவும் நாம் எழுத்தில் தெரிவித்த ஒரு மாதத்துக்குள். செய்யவில்லையா, நாங்களே ஆள் வைத்துச் செய்யப்போகிறோம், இவ்வளவு செலவாகும் என்று எழுதிக் கொடுக்கலாம். 14 நாள் பொறுத்தும் அவர்கள் செய்யவில்லை என்றால் நாமே செய்து, அந்தச் செலவை அவர்களிடம் கேட்டு வாங்கலாம். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. இணக்கமாகப் போங்கள் என்பது மட்டும் இருந்தது.

நாங்களும் இணக்கமாகத்தான் போனோம். முதல் ஆறு மாதம் எல்லாம் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான். அது எங்கள் தப்பு. எழுத்தில் கொடுத்தது செப்டம்பரில். கடிதம் போன பிறகுதான் 17 டைலில் 11ஐப் பெயர்த்து ஒழுங்காக ஒட்டினார்கள். பால்கனி அப்படியே இருக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை அடித்தபோது படுக்கையறைச் சன்னலுக்குக் கீழேயும் ஈரம் தெரிந்தது. "முதல் பரிசோதனையில் இதைச் சொல்லவில்லையே" என்கிறார்கள். மார்ச் மாதம் வெயிலில் வாங்கிய வீட்டில் மழை ஒழுகுவதை எப்படிச் சொல்வது? 12 மாதத்துக்குள் தெரியவந்தால் போதும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது.

இன்னொன்று. கட்டட, கட்டுமான ஆணையத்திடம் 1989ல் தொடங்கிய கான்குவாஸ் என்று ஒரு தர மதிப்பீடு இருக்கிறது. மதிப்பிட வருபவர்கள் கையில் ஒரு கோல் இருக்கும், அவர்களும் டைலைத் தட்டித்தான் பார்ப்பார்கள். எத்தனையோ முறை அவர்கள் பின்னால் நான் நடந்திருக்கிறேன். ஆனால் எல்லா வீட்டையும் அவர்கள் பார்ப்பதில்லை, மாதிரிக்குத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மீதி வீடுகளை அதில் குடியேறுகிறவர்தான் தட்டிப் பார்க்க வேண்டும். ஆணையம் தட்டினால் தரப் பரிசோதனை, என் மகள் தட்டினால் பெரிதுபடுத்துவதா?

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு, அந்த 12 மாதம், ஒரு மாதம், 14 நாள் விவரத்தைத் தமிழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். 12 மாதம் முடிந்தால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று பலர் பயந்து அடங்கிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குத் தொடர 6 ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வீவகவில் புது வீடு வாங்குவோருக்கும் இரண்டு வரி வேண்டும். அங்கும் முதல் ஒரு வருடத்தில் குறைகளைச் சொல்லலாம், புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் சொல்லிவிடுவது நல்லது. வெளிச்சுவர் வழியாக நீர் கசிந்தாலோ, குளியலறை, சமையலறைக் கூரை ஒழுகினாலோ 5 ஆண்டும், கான்கிரீட் உதிர்ந்தால் 10 ஆண்டும் உத்தரவாதம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்று பிள்ளைகளுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்க அவர்களால் முடியாது, உங்கள் நாளிதழைத்தான் படிக்கிறார்கள்.

மகள் வீட்டின் 12 மாதம் மார்ச்சில் முடிகிறது. சன்னலுக்கும் பால்கனிக்கும் இரண்டாவது கடிதத்தை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். பெட்டிச் செய்தியைப் பிப்ரவரிக்குள் போட்டால், அதே கட்டடத்தில் எழுதிக் கொடுக்காமல் காத்திருக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
செங்காங்