கண்கட்டு வித்தையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வடிவங்களைக் கொண்டே அசைவு, ஆழம் போன்ற தோற்றங்களைக் கண்ணுக்குக் காட்டும் ‘ஆப் ஆர்ட்’ ஓவியங்களை வெறும் கண்கட்டு வித்தை என்று பலர் ஒதுக்கிவிடுவது வருத்தமளிக்கிறது. பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961இல் தீட்டிய ‘மூவ்மென்ட் இன் ஸ்குவேர்ஸ்’ ஓவியத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். உயரம் மாறுவதே இல்லை. அகலம் மட்டும் நடுவைத் தாண்டி ஓரிடத்தில் மெல்லிய கோடாகும்வரை குறுகி, மறுபடி விரிகிறது. தட்டைப் பரப்பு அங்கே மடிந்து உள்வாங்குகிறது! இதில் மறைக்கப்பட்டது எதுவுமில்லை. அசைவு பிறப்பது நம் பார்வையில்.

ரைலியின் ஓவியங்களும் இடம்பெற்ற 1965 நியூயார்க் ஆப் ஆர்ட் கண்காட்சிக்குப் பிறகு இந்த வடிவங்களை ஆடை வணிகர்கள் அள்ளிக்கொண்டார்கள். ரைலி கொதித்தது முற்றிலும் நியாயம்.

இத்தகைய ஓவியங்களைத் தபால்தலை அளவில் அச்சிட்டால் அந்த மடிப்பு காணாமல் போய்விடும். ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள்.

– வாசகர், திருச்சி