தடய அறிவியல் ஆய்வகங்களுக்கும் அருங்காட்சியகப் பாதுகாப்புக் கூடங்களுக்கும்: கோப்புகளைத் திறந்து வையுங்கள்

வணக்கம்.

நீங்கள் இரு தரப்பும் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலைதான். விபத்து நடந்த இடத்தில் கிடைத்த கார் பெயின்ட் சில்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, எத்தனை பூச்சு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அகச்சிவப்பு நிறமாலை (எந்தப் பொருள் என்று காட்டும் ஒளி வரைகோடு) எடுக்கிறார் ஒருவர். குண்டூசித் தலையைவிடச் சிறிய ஓவியத் துணுக்கைப் பிசினில் பதித்து அதையேதான் செய்கிறார் இன்னொருவர். ஆனால் ஒருவர் சேர்த்து வைத்தது மற்றவர் கைக்குப் பெரும்பாலும் போவதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் போலி ஓவியர் பெல்ட்ராக்கியின் வழக்கே போதும். ஜெர்மன் ஓவியர் காம்பெண்டோங்க் 1914இல் வரைந்தது என்று 2006இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோன, உண்மையில் பெல்ட்ராக்கி வரைந்த படத்தில் டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி இருந்தது. ஓவியர்கள் கைக்கு அது வந்ததே முதல் உலகப் போருக்குப் பிறகுதான். பெல்ட்ராக்கி வாங்கிய பெயின்ட் ட்யூபின் லேபிளில் துத்தநாக வெள்ளை என்றுதான் போட்டிருந்ததாம், டைட்டானியம் கலந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! 2011இல் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை.

சரி, டைட்டானியம் தென்பட்டாலே போலியா? அதுதான் இல்லை. உண்மையான பழைய படத்தை யாராவது பின்னாளில் பழுது பார்த்திருந்தாலும் அதே டைட்டானியம்தான் வரும். கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி தனிமத்தைச் சொல்லும். கதிர் பல அடுக்குகளைத் துளைத்துப் போவதால் எந்த அடுக்கில் என்று தெளிவாகச் சொல்லாது, டைட்டானியம் வெள்ளையின் இரு படிக வடிவங்களில் அனடேஸா ரூட்டைலா என்றும் சொல்லாது. அதற்கு லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை வேண்டும், அடுக்குகள் தெரியும்படி துணுக்கின் குறுக்குவெட்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் படத்தை எப்போது, எதை வைத்துத் திருத்தினார்கள் என்ற பதிவு வேண்டும். அது அருங்காட்சியக அலமாரியில் தூங்குகிறது. மாதிரி யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் பழக்கமோ தடயவியல்காரர்களிடம் இருக்கிறது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. கனடா காவல்துறை பராமரிக்கும் வாகன பெயின்ட் தரவுத்தளம் இருக்கிறது. கலைப்பொருள் பக்கம் அகச்சிவப்பு, ராமன் நிறமாலைகளைப் பயன்படுத்துவோரின் ஐஆர்யுஜி (IRUG) குழு பல ஆய்வகங்களின் நிறமாலைகளைத் திரட்டுகிறது. இவை ஒன்றோடொன்று பேச வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கு விவரம், உரிமையாளர் பெயர் எதுவும் யாருக்கும் வேண்டாம். பொருள் என்ன, எந்தக் கருவி, எந்த அமைப்பில் அளந்தீர்கள் என்பதோடு மூலக் கோப்பைப் போடுங்கள். தயவுசெய்து எண்களாகவே போடுங்கள். பிடிஎஃப்பில் ஒட்டிய வரைபடத்தை வைத்து எந்த மென்பொருளிலும் ஒப்பிட்டுத் தேட முடியாது.