நம் ஊர்ச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மகாசபைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. மேற்குத் தெருவில் எரியாத விளக்குகள் மாற்றப்பட்டன. செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் மூன்று முறை போதிய ஆள் வராமல் கலைந்தோம்.

இனி தண்ணீர் விஷயம். இந்த ஆண்டு என் நேரமெல்லாம் இதற்கே போனது. "மற்ற வேலைகளைச் செயலாளர் கவனிக்கவில்லை" என்று பேசுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊருக்குக் கிழக்கே உள்ள மாங்கூழ் ஆலையில், பல வருடங்களுக்கு முன் கூலிங் டவர் (சூடான தண்ணீரைக் குளிரவைக்கும் கோபுரம்) குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் குரோமேட் உப்பு, அதாவது நச்சுள்ள குரோமியம் சேர்ந்த உப்பு, கலந்தார்கள். அந்தக் காலத்தில் பல ஆலைகளில் அப்படித்தான். வெளியேற்றிய தண்ணீர் பின்பக்கக் குழியில் தேங்கி, மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாக நம் போர்களுக்கு (ஆழ்துளைக் கிணறுகளுக்கு) வந்துவிட்டது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. ஆலைச் சுவரை ஒட்டிய ஆறு போர்கள் அதைத் தாண்டியிருக்கின்றன.

"தண்ணி பளிச்சுன்னுதானே இருக்கு" என்கிறார்கள். குரோமியம் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது; அதன் மஞ்சள் நிறம் தெரிகிறது என்றால் அளவு ஏற்கெனவே பல மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். காய்ச்சினாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்றக் குரோமியம் கூடத்தான் செய்யும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடால் கறை படிந்த பற்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, சரி. மாட்டுக்கும் தோட்டத்துக்கும், குழாயில் தண்ணீர் வராத நாளில் சமையலுக்கும் போர்த் தண்ணீர்தானே?

ஆலை நிர்வாகம் சுத்திகரிப்பைத் தொடங்கியிருக்கிறது. வரிசையாகத் துளை போட்டு மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) கரைசலை உள்ளே விடுகிறார்கள். சர்க்கரைப் பாகை ஊற்றி ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். மூன்று முறை நேரில் போய்க் கேட்டேன். மண்ணுக்கடியில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாகைத் தின்று பெருகும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்த நிலையில், தண்ணீரோடு ஓடக்கூடிய ஹெக்சாவேலண்ட் குரோமியம், நச்சு குறைந்த இன்னொரு வகையாக மாறி மண்ணிலேயே படிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் தண்ணீர் செந்நிறமாகி வாடை அடிப்பதும் இதனால்தான். அந்த நிலையில் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வருகின்றன.

ஆனால் நம்முடையது பாறை பூமி. மணல் பூமியாக இருந்தால் பாகு ஓரளவு எல்லாப் பக்கமும் பரவும். இங்கே வெடிப்பு போகிற வழியில்தான் போகும். ஒரு போர் சரியாகும், ஐம்பது அடி தள்ளி இருக்கிற போர் அப்படியே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு போரிலும் மாதிரி எடுத்தாக வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

பட்டியலில் உள்ள 31 போர்களில் 12 போர்களின் சொந்தக்காரர்கள் மாதிரி எடுக்க விடவில்லை. நிலத்து விலை இறங்கிவிடும், பெண் கேட்டு வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்ற பயம் எனக்கும் தெரியும். எனக்கும் அங்கேதான் நிலம், கல்யாண வயதில் மகள். ஆனால் சோதிக்காத போர் ஆலையின் கணக்கிலேயே வராது. நாளைக்கு அவர்கள் வேலை முடிந்தது என்று மூட்டை கட்டும்போது எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? அப்புறம், இரண்டு உறுப்பினர்கள் சங்கத்துக்குச் சொல்லாமலே புதிதாக ஆழமான போர் போட்டு இரவும் பகலும் ஓட்டுகிறார்கள். அது கெட்ட தண்ணீரை நல்ல பக்கமாக இழுக்கும்.

டிசம்பரில் நடந்ததையும் பதிவு செய்கிறேன். ஹெக்சாவேலண்ட் குரோமியத்துக்கான தண்ணீர் மாதிரியை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். மோட்டார் ரூம் சாவி இல்லாமல் மதியம்வரை நின்றோம். பஸ் போய்விட்டது, மறுநாள் லேப் விடுமுறை. எட்டு பாட்டில் தண்ணீரைக் கீழே கொட்டினேன். அன்று மனது மிகவும் கஷ்டப்பட்டது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். லேப் கட்டணத்தால் செலவு வரவைச் சற்று மிஞ்சியிருக்கிறது; அதை இப்போதைக்கு நிர்வாகிகள் சிலர் சமாளித்தோம். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே வாசிக்க விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், இடம் தந்த பள்ளி நிர்வாகம், ஐஸ் பெட்டி தந்து உதவிய மீன் கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

மண்ணில் படிந்த குரோமியம் சூழல் மாறினால் மீண்டும் கரையக்கூடும் என்பதால், பாகு விடுவது முடிந்த பிறகும் சில வருடங்கள் சோதனை தொடர வேண்டும். வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் பாட்டில், பட்டியல், லேப் அறிக்கைகள் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் இல்லையென்றால் நானே தொடர்கிறேன். ஆனால் கூட வர இரண்டு இளைஞர்களாவது வேண்டும். அடுத்த மாதிரி எடுப்பது, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு. வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்