மாஸ்டரின் மௌத்பீஸ் பற்றி

யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

நாங்கள் நலம். உமது இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமைக்குச் சோம்பலே காரணம் என்று நீர் நினைத்திருப்பீர். உண்மையான காரணம் பயம். கனடா போகும்போது நீர் என்னிடம் விட்டுச் சென்ற மாஸ்டரின் கிளாரினெட் மௌத்பீஸ், வாயில் வைத்து ஊதும் அந்த முனை, என் கைங்கரியத்தால், இப்போது கறுப்பாக இல்லை.

மாரி முழுவதும், ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடான றீட்டைக் கழற்றாமலே பெட்டியில் வைத்துவிட்டேன். (திட்டும், ஆனால் வாழைக்குலை விடயத்தில் திட்டியதைவிடக் குறைவாகத் திட்டும்.) தை மாதம் திறந்தபோது றீட்டில் பூஞ்சணம், மௌத்பீஸின் நுனியிலோ எங்கள் கேத்திலின் அடியில் படிவது போன்ற வெள்ளைக் காறை. உமிழ்நீரின் சுண்ணாம்புதான் அப்படிப் படிகிறது. சுண்ணக்கல்லில் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வைத்து, நானும் என் பங்குக்குச் சேர்த்திருக்கிறேன். கிருமி போகட்டுமென்று கொதிதண்ணீரை ஊற்றினேன். குப்பென்று கந்தக நாற்றம் எழுந்தது. துடைத்துப் பார்த்தால், பாசி பிடித்த கேணிப்படியின் நிறம்.

இறப்பரோடு ஏறத்தாழ 30 சதவீதம் கந்தகம் சேர்த்து இறுக்கியதே இந்த மௌத்பீஸ் செய்த எபனைட் என்பதையும், வெயிலும் கொதிநீரும் அதன் நிறத்தைக் கெடுப்பதோடு வடிவத்தையும் கோணச் செய்யலாம் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். நுனியின் இடைவெளியே ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அது மயிரிழை பிசகினாலும் தொனி போய்விடும் என்ற நினைப்பில் அன்றிரவு உறங்கவில்லை. விடிந்ததும் றீட் அமரும் முகத்தைக் கண்ணாடியின்மேல் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

காறையைக் கடைசியில் வினாகிரிதான் கரைத்தது: சம அளவு தண்ணீர் கலந்து, கோர்க் நனையாமல் நுனியை மட்டும் ஐந்து நிமிடம் வைத்து, பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்தேன். இப்போதெல்லாம் ஊதி முடித்ததும் றீட்டைக் கழற்றி, பச்சைத்தண்ணீரில் சிறிது சவர்க்காரம் இட்டுக் கழுவி, மென்துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுகிறேன். கயிற்றில் கட்டிய துடைதுணியை உள்ளே விட்டு இழுப்பதில்லை. இழுத்தவர்களுக்கு மாஸ்டர் வைத்த பெயர் உமக்கு நினைவிருக்கும்.

பாண்ட்காரர் ஒருவர் அரத்தாளால் தேய்த்துக் கறுப்பாக்கித் தருவதாகச் சொன்னார். ஓரங்கள் தேய்ந்தால் அது வேறொரு மௌத்பீஸாகிவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

நாதம் மாறவில்லை என்றே என் காது சொல்கிறது. ஆனால் அது குற்றவாளியின் காது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது நீரே ஊதிப் பாரும். வரும்போது இரண்டரை இலக்க றீட் ஒரு பெட்டியும் கொண்டுவாரும்.

இப்படிக்கு,
உமது பழைய இரண்டாம் கிளாரினெட்